பாலத்துக்கு ஒரு கால்ஷீட்

சினிமாக் கம்பெனிகளில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆச்சு என்றால்தான் தெரியும். சின்னவர்கள் ஆச்சு அண்ணன் என்பார்கள், முதலாளிகள் வெறும் ஆச்சு என்பார்கள். தயாரிப்பு நிர்வாகி வேலை. படப்பிடிப்புக்கு வேண்டிய வண்டி, சாப்பாடு, இடம், அனுமதி, குடை, நாற்காலி, கழிப்பறை எல்லாம் அவர் தலையில்தான். யார் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது "ஆச்சு." ஜெனரேட்டர் வந்துதா? ஆச்சு. போலீஸ்ல சொன்னீங்களா? ஆச்சு. ஒருமுறை கேமராமேன் வெறுத்துப்போய், வெயில் எப்பய்யா வரும் என்று வானத்தைப் பார்த்துக் கேட்டதற்கும் ஆச்சு என்றாராம். அன்றிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது.

உண்மையில் அவர் ஆச்சு என்று சொல்லும்போது பாதி நேரம் ஒன்றும் ஆகியிருக்காது. சொல்லிவிட்டு, முகம் மாறாமல் வேனுக்குப் பின்னால் போய், அங்கே நின்று போனில் கெஞ்சுவார், மிரட்டுவார், பழைய நட்பைத் தோண்டி எடுப்பார். "ஆகலன்னு சொன்னா பத்து பேர் பத்து யோசனை சொல்லுவான். ஆச்சுன்னு சொல்லிட்டா நம்மள வேலை செய்ய விடுவான்" என்பது அவர் கட்சி. சொந்த ஊரில் இது எடுபட்டது. அவருக்கு ஆளைத் தெரியும், அந்த ஆளுக்கு இன்னோர் ஆளைத் தெரியும். காலையில் இல்லாத லாரி மத்தியானம் வந்து நிற்கும். தலை நரைக்கும்வரை ஒரு தடவைகூட மாட்டிக்கொண்டதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது.

அவருக்கு ஒரே தங்கை. பெற்றவர்கள் போன பிறகு இவர்தான் வளர்த்தார். ஐம்பதை நெருங்குகிற பெண்ணை இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவளை சினிமாவுக்குள் கொண்டுவந்தவரும் இவர்தான். உதவி இயக்குநராகச் சேர்ந்தவள் உதவி இயக்குநராகவே இருந்துவிட்டாள். அடுத்தவர் படங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினாள், அடுத்தவர் வசனத்தைத் திருத்தினாள். கூடச் சேர்ந்தவர்கள் இயக்குநராகி, ஓய்ந்து, வீட்டுக்கும் போய்விட்டார்கள். இவள் கதையைக் கேட்ட தயாரிப்பாளர்கள் எல்லாரும் கண் கலங்கினார்கள், காபி கொடுத்தார்கள், அனுப்பி வைத்தார்கள். கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால் முதல் படம் முடியட்டும் என்பாள். அண்ணன் வீட்டு மாடியறையில்தான் இருந்தாள். அண்ணி அவளை நாத்தனார் என்று நினைத்ததே இல்லை, தான் பெற்ற மூத்த பிள்ளை என்றே நினைத்தாள்.

அவள் கதை இவ்வளவுதான். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன ஒருவன் அங்கே செத்துப்போகிறான். அவன் துணிமணிப் பெட்டியை வாங்கிவர மனைவி போகிறாள். பெட்டியை வாங்கிக்கொண்டு, விடிகிற நேரத்தில், ஒரு நீளமான பாலத்தை ஒற்றையாளாக நடந்து கடக்கிறாள். வசனம் கிடையாது, பாட்டுக் கிடையாது. "மத்ததெல்லாம் இந்த நடைக்காகத்தாண்ணா" என்பாள். ஒரு வழியாக ஒரு முதலாளி ஒத்துக்கொண்டார். உள்ளூர்ப் பகுதிகளை எடுத்து முடித்தாகிவிட்டது. பாலம் மட்டும் பாக்கி.

வெளிநாட்டுப் படப்பிடிப்பு ஆச்சுவுக்கு அதுதான் முதல் தடவை. அதை வெளியே காட்டிக்கொள்வாரா? வெளிநாடு போய்வந்த நிர்வாகிகளைத் தேடிப் போய் டீ வாங்கிக் கொடுத்து, கேட்பதே தெரியாமல் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கேமரா, லென்ஸ், விளக்கு ஒவ்வொன்றுக்கும் உள்ள எண்ணை எழுதிச் சுங்கத்தில் முத்திரை வாங்கவேண்டும், போன சாமான் அத்தனையும் திரும்பி வரவேண்டும். நம் விளக்கின் பிளக் அந்த ஊர்ச் சுவரில் நுழையாது, மாற்று பிளக் வேண்டும். அந்த ஊர் பஸ் டிரைவர் இத்தனை மணி நேரம்தான் ஓட்டுவார், அதற்குமேல் முதலாளியே காலில் விழுந்தாலும் இறங்கிப் போய்விடுவார். லைட்மேன் ஒருவருக்குப் பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், சங்க அட்டையில் இன்னொரு பெயர். அதைச் சரிசெய்ய அலையாய் அலைந்தார். எல்லாருடைய செருப்பளவையும் வாங்கி, கனமான பூட்ஸும் கோட்டும் வாடகைக்குப் பிடித்தார். வீட்டுக் கூடத்தில் கோட்டுகள் மலையாய்க் கிடந்தன, அண்ணி தாண்டித் தாண்டி நடந்தாள். "கடையை எப்போ காலி பண்றீங்க?" என்று கேட்டாள். ஆச்சு என்றார். அவள் சிரித்தாள். அந்த வீட்டில் அப்போது எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

முன்கூட்டியே இடம் பார்க்க அண்ணனும் தங்கையும் மட்டும் போனார்கள். பாலம் அவள் மனதில் வைத்திருந்தது போலவே இருந்தது. கீழே சாம்பல் நிறத் தண்ணீர், மேலே வளைவே இல்லாத ஒரே கோடு. நடந்து காட்ட ஆளில்லை. "நீ நடண்ணா" என்றாள். அவர் தொப்பையோடு, குளிரில் மூக்கு ஒழுக, ஹோட்டலிலிருந்து கொண்டுவந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். காரில் போனவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். திரும்பி வந்தபோது அவள் இரண்டு கையாலும் கட்டம் கட்டி அதற்குள் பார்த்தபடியே அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன பாப்பா, நான் அவ்வளவு மோசமாவா நடந்தேன்?"

"கிடைச்சிருச்சுண்ணா. இத்தனை வருஷம் எங்க இருந்துதுன்னே தெரியல."

இந்தப் பாலத்தை இவளுக்கு வாங்கிக் கொடுத்தே தீருவது என்று அங்கேயே முடிவு கட்டினார்.

அந்த ஊரில் அவர்களுக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர் இருந்தாள். அந்த ஊர்ப் பெண், தன்மையானவள், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நிற்பாள். பாலத்தை விடியற்காலையில் கொஞ்ச நேரம் மூடித்தர நகராட்சியிடம் பேசி நாளும் வாங்கிக் கொடுத்துவிட்டாள். ஒரே ஒரு நாள். அதை விட்டால் பாலத்தில் பழுதுபார்க்கும் வேலை தொடங்கிவிடும், சாரம் கட்டிவிடுவார்கள். நாயகி கொடுத்திருந்த தேதிகளும் அதோடு முடிகின்றன. எல்லாம் அந்த ஒரு காலையில் வந்து நின்றது.

படக்குழு போய் இறங்கி, சின்னச் சின்னக் காட்சிகள் நல்லபடியாக நடந்தன. பாலத்துக்கு முந்தின நாள் காலை அந்தப் பெண் போனில் கேட்டாள், "நாளைக்கான கால்ஷீட் ரெடியா?"

நம் சினிமாவில் கால்ஷீட் என்றால் என்ன என்று லைட்மேன் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். நடிகர் கொடுக்கிற நாள். கால்ஷீட் கிடைக்கவில்லை என்று அழுத தயாரிப்பாளர்கள் உண்டு, கால்ஷீட்டை மாற்றிக் கொடுத்துச் சண்டையானது உண்டு. ஆச்சு அந்த நினைப்பில்தான், "ஆச்சு மேடம். நாயகி ஃபுல் கால்ஷீட்" என்றார்.

அந்த ஊரில் கால்ஷீட் என்பது ஒரு காகிதம். நாளைக்கு யார் எத்தனை மணிக்கு எங்கே வருகிறார்கள், எத்தனை வண்டி, எங்கே நிற்கும், பக்கத்து ஆஸ்பத்திரி எது என்றெல்லாம் எழுதி, முந்தின நாளே பாலத்துக்கான அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். அது வந்தால்தான் அவர்கள் தடுப்பை எடுத்துக்கொண்டு ஆள் அனுப்புவார்கள். வராவிட்டால் படப்பிடிப்பு இல்லை என்று அர்த்தம். இருவரும் பேசியது ஆங்கிலம்தான். இருவருக்கும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. புரியாமல் போயிருந்தால் பிழைத்திருக்கலாம்.

மத்தியானம் அவளிடமிருந்து செய்தி வந்தது. கால்ஷீட் இன்னும் தன் கைக்கு வரவில்லை என்று. ஆச்சு அப்போது டிரைவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். செய்தியைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்ற கேமராமேனிடம், "ஆள் மேல ரூம்ல தூங்குது, கால்ஷீட் வரலங்கறாங்க இந்தம்மா" என்று சிரித்தார். ஆனால் ஏதோ உறுத்தியது. நாயகி வந்து இறங்கியதை அந்தப் பெண்ணே பார்த்தாளே, பிறகு ஏன் கேட்கிறாள்? எந்தக் கால்ஷீட் மேடம் என்று கேட்டிருந்தால் முடிந்தது. கேட்டால் இவருக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடுமே! எல்லாம் ஆகிவிட்டது, கவலை வேண்டாம் என்று இரண்டு கை கூப்பிய படத்தோடு பதில் போட்டார். அவள், ஆகிவிட்டது என்றால் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிற ஊர்க்காரி. இவரே நேராக அலுவலகத்தில் சேர்த்துவிட்டார் என்று நினைத்து வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

மாலையில் தங்கை அறை வாசலில் வந்து நின்றாள். "அண்ணா, பாலம்?"

"ஆச்சு பாப்பா. நீ நிம்மதியா தூங்கு."

விடியுமுன் போய் நின்றார்கள். கேமரா ஏறிவிட்டது, நாயகி பெட்டியோடு தயார். பாலத்தின் மேல் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சைக்கிள்கள், காலையில் ஓடுகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள்.

"எப்பண்ணா நிறுத்துவாங்க?"

"இதோ, இதோ."

தடுப்பு வரவில்லை. ஒருங்கிணைப்பாளர்தான் ஓடி வந்தாள். யார் யாருக்கோ போன் போட்டாள். பேசப் பேச அவள் முகம் வெளுத்தது. போனை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள், கால்ஷீட்டை யாரிடம் கொடுத்தீர்கள் என்று. கொடுப்பதா, அதை எப்படிக் கொடுப்பது, அது நாயகி கொடுப்பதல்லவா என்று இவர் சொல்ல வாயெடுத்தார். பாதி வாக்கியத்தில் புரிந்துவிட்டது.

பழக்கதோஷத்தில் வேனுக்குப் பின்னால்தான் போனார். போனைக் கையில் எடுத்தார். யாரைக் கூப்பிடுவது? அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த ஒரே ஆளான ஒருங்கிணைப்பாளர் வேனுக்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். போனை வெறுமனே காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்தபோது தங்கைக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"நேத்து கேட்டேனே அண்ணா" என்றாள்.

"கேட்டே."

அவ்வளவுதான். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எவ்வளவோ தேவலை. வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. நாயகியை நடைபாதையில் நடக்க விட்டு எடுத்துப் பார்த்தாள். முதல் தடவை யாரோ கேமராவுக்குக் கையாட்டினார்கள். இரண்டாவது தடவை சைக்கிள்காரர் மணியடித்து நாயகியை ஒதுங்கச் சொன்னார். மூன்றாவது தடவை, பெட்டி தூக்கிக்கொண்டு தனியாகப் போகிற பெண்ணைப் பார்த்து மனம் பொறுக்காமல், வயதான ஒருவர் ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தார். படத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒருவரும் இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும், பாவம். தங்கை மானிட்டரைப் பார்த்தபடி மெதுவாக கட் என்றாள். சூரியன் முழுசாக ஏறிவிட்டது.

முதலாளி போனில் ஒரு குதி குதித்தார். பிறகு, சரி விடு, செட்டு போட்டுக்கலாம், ஊர் வந்து சேருங்க என்றார். ஒருங்கிணைப்பாளர் தன் மேல்தான் தப்பு என்று தங்கையிடம் மன்னிப்புக் கேட்டாள். ஆச்சு பக்கத்திலேயே நின்றார். இல்லை, என் மேல்தான் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தங்கைதான் அந்தப் பெண்ணின் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

ஊர் திரும்பிய பிறகு தங்கை, சாரம் பிரிக்கும்வரை பொறுப்போம், மறுபடி அந்தப் பாலத்துக்கே போவோம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். முதலாளி கையை விரித்துவிட்டார். செட்டில் எடுக்கமாட்டேன் என்றாள். "அப்போ எடுக்கிற ஆளை வெச்சு எடுத்துக்கறேம்மா" என்றார் அவர். அதோடு தீர்ந்தது. படபடவென்று முடித்துத் தருகிற இயக்குநர் ஒருவரிடம் படம் போனது. அவளுக்குக் கதை என்ற இடத்தில் மட்டும் பெயர் வரும் என்றார்கள். மாடியறையை விட்டு அவள் இறங்குவது குறைந்துபோனது. அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு ஏறுவாள், பாதி சாப்பிட்ட தட்டோடு இறங்குவாள். புருஷனைப் பார்த்து ஒன்றும் சொல்லமாட்டாள். தட்டை மட்டும் அவர் கண்ணில் படுகிற இடத்தில் வைப்பாள்.

அந்தச் சமயத்தில் முதலாளி ஆச்சுவைக் கூப்பிட்டனுப்பினார். திட்டிவிட்டு அனுப்புவார் என்று நினைத்துப் போனார். அவர், "நடந்தது நடந்துபோச்சு. செட்டு வேலைய நீயே பார்த்துக்க. படத்துல எது எங்க இருக்குன்னு உனக்குத்தான் தெரியும்" என்றார்.

வீட்டில் சொன்னதும் அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். "போனீங்கன்னா அவ முகத்துல எப்படி முழிப்பீங்க?"

"போகலன்னா வேற எவனாவது போவான். நான் இருந்தா அந்த ஒரு ஷாட்டையாவது காப்பாத்தலாம்."

"நீங்க காப்பாத்தினதுதான் பார்த்தோமே" என்றாள் அண்ணி. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் அப்படிப் பேசியதில்லை.

அவர் மாடிக்கு ஏறினார். தங்கை ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"போண்ணா. தெரிஞ்ச ஆள் ஒருத்தராவது இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் பார்த்துக்கோ. அவ திரும்பிப் பார்க்கக் கூடாது. கடைசி வரைக்கும் முதுகுதான் தெரியணும்."

"பார்த்துக்கறேன் பாப்பா."

செட்டு நன்றாகவே வந்திருந்தது. தச்சர்கள் மரத்தில் பாலம் கட்டி, சாம்பல் வண்ணம் அடித்து, கீழே தண்ணீருக்கு நீலத்துணி விரித்திருந்தார்கள். அது பிறகு கம்ப்யூட்டரில் ஆறாகிவிடுமாம். மின்விசிறிகள் காற்று வீசின. ஆச்சு வழக்கம்போல் ஓடியாடினார். நாற்காலி, குடை, சாப்பாடு, எதிலும் குறையில்லை. ஷாட்டுக்கு முன்னால் இயக்குநர் நாயகியிடம், பாதிப் பாலத்தில் நின்று திரும்பி, பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அழச் சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. கிட்டே போனார்.

"சார், திரும்பாம போனா... கதை எழுதினவங்க அப்படித்தான்..."

இயக்குநர் கெட்டவர் இல்லை. தோளில் கை போட்டார். "மேனேஜர், முதுகைப் பார்த்து எந்த ஜனம் சார் அழும்? நீங்க லஞ்ச் வந்துதான்னு பாருங்க."

லஞ்ச் வந்ததா என்று பார்க்கப் போனார். வந்திருந்தது. திரும்பி வந்தபோது ஷாட் ஓடிக்கொண்டிருந்தது. நாயகி நடந்தாள், நின்றாள், திரும்பினாள். பெட்டியின்மேல் முகத்தை வைத்து விம்மி விம்மி அழுதாள். நிஜமாகவே நன்றாக அழுதாள். இயக்குநர் கட் சொன்னதும் செட்டு மொத்தமும் கை தட்டியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது தங்கை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். வெகுநாள் கழித்துக் கீழ்ப்படிவரை இறங்கி வந்திருந்தாள். அண்ணி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆச்சு செருப்பைக் கழற்ற வேண்டியதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"திரும்பினாளாண்ணா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? படம் வரும்வரை அவளுக்குத் தெரியப்போவதில்லை. அதற்குள் ஏதாவது செய்து, எடிட்டரைப் பிடித்து... அந்த நினைப்பு வந்த வேகத்தில் அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"திரும்பினா."

"அழுதாளா?"

"அழுதா."

அவள் தலையாட்டினாள். "நல்லா அழுதிருப்பா. அந்தப் பொண்ணு நல்லா நடிக்கும். கை தட்டினாங்களா?"

"தட்டினாங்க."

"நீ?"

அவர் தட்டியிருந்தார். சுற்றி எல்லாரும் தட்டியபோது இவர் கையும் தானாகச் சேர்ந்துகொண்டது. நிர்வாகி தட்டாமல் நின்றால் நன்றாகவா இருக்கும் என்றுகூட அப்போது தோன்றியது.

"தட்டினேன் பாப்பா" என்றார்.

"சரி. போய்ச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து மாடிக்குப் போனாள்.